ஓடுகிறவர்களின் பகிடி

திருமயத்துப் பெருமாளைத் தலையிலிருந்து பாதம்வரை ஒரே பார்வையில் பார்த்துவிட முடியாது. குடைவரைக்குள் தூண்கள் மறைக்கும். நகர்ந்து நகர்ந்துதான் பார்க்கவேண்டும். அப்படி நகர்ந்து கால்மாட்டுக்கு வந்தால், பாறைச்சுவரில் இரண்டு அசுரர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். மது, கைடபன். பள்ளிகொண்டவரிடம் வம்புக்கு வந்தவர்கள், ஆதிசேஷன் கக்கிய நஞ்சுத் தீ தாங்காமல் விழுந்தடித்துக்கொண்டு பின்வாங்குகிறார்கள். பட்டர் தீபத்தைத் தூக்கிக் காட்டியபோது எனக்கு முன்னால் நின்ற பள்ளிக்கூடப் பையன் சிரித்துவிட்டான். அவன் அம்மா தொடையில் கிள்ளினார். பையன் சரியாகத்தான் பார்த்திருந்தான். உயிர் போகிற நேரத்து ஓட்டம், பார்ப்பவருக்குச் சிரிப்பு. சிற்பிக்கு அது தெரிந்திருக்கிறது.

நான் வந்தது சாமி கும்பிட அல்ல. அறந்தாங்கியில் பள்ளி ஆசிரியராக இருக்கும் கல்லூரிக்கால நண்பன் தன் வீட்டு மாடியில் அவ்வப்போது படம் போடுவான். வெள்ளைத் துணி, இரவல் புரொஜெக்டர், வந்தால் இருபது பேர். இந்த முறை போரையும் சிரிப்பையும் சேர்த்துவைத்த படங்கள் மூன்று போடுவதாகவும், நான் வந்து பத்து நிமிஷம் பேசவேண்டும் என்றும் போன் செய்தான். "பத்து நிமிஷம்னா பத்து நிமிஷம்தான்டா, போன தடவை மாதிரி இழுக்காத" என்றான். காரைக்குடிவரை ரயிலில் வந்து, பஸ் பிடித்துத் திருமயத்தில் இறங்கியிருந்தேன். சாயங்காலம்வரை நேரம் கிடந்தது.

கோட்டைமேல் ஏறினேன். 1687இல் சேதுபதி கட்டிய கோட்டை. பிற்பாடு புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் கைக்கு வந்தது. உச்சியில் ஒரு பீரங்கி வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் ஏறி உட்கார்ந்து செல்பி எடுக்கிறார்கள். மேலேயிருந்து பார்த்தால் கண்மாய்களும் கருவேலங்காடும் பொட்டலுமாகப் பரந்து கிடக்கிற இந்த நிலத்துக்கு, ஓடிவந்தவர்களோடு பழைய சம்பந்தம் உண்டு. பாஞ்சாலங்குறிச்சி விழுந்த பிறகு கட்டபொம்மன் வடக்கே ஓடிவந்து பிடிபட்டது புதுக்கோட்டைச் சீமைக் காட்டில்தான். தொண்டைமான் ஆட்கள் பிடித்துக் கும்பினியிடம் ஒப்படைத்தார்கள். 1799 அக்டோபர் 16இல் கயத்தாறில் தூக்கு.

பி. ஆர். பந்துலுவின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959இல் வந்தது. அதற்குப் பிறகு புதுக்கோட்டைக்காரனைச் சென்னை விடுதியில் கிண்டல் செய்ய வேறெதுவும் தேவைப்படவில்லை. கும்பினியோடு தொண்டைமான்களுக்கு நெடுங்கால உடன்படிக்கை இருந்தது, அன்றைய பாளையக்காரர் பலரும் அப்படித்தான் என்றெல்லாம் இந்த ஊர்க்காரர்கள் வாதாடிப் பார்த்திருக்கிறார்கள். சிவாஜியின் குரலுக்கு முன்னால் உடன்படிக்கை எடுபடுமா? 47 ஆண்டு கழித்து, 2006இல் சிம்புதேவனின் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' அதே காலத்தை எடுத்துக்கொண்டு, வெள்ளைக்காரனுக்குப் பல்லக்குத் தூக்கும் ராஜாவாக வடிவேலுவை உட்காரவைத்தது. சாதிச் சண்டைக்குத் தனி மைதானம், பன்னாட்டுக் குளிர்பானத்துக்கு அரசன் கொடுக்கும் விளம்பரம் என்று கூர்மையான படம். எனக்கு மிகவும் பிடித்த படம். ஆனாலும் அந்தச் சிரிப்பில் ஆபத்து இல்லை. 18ஆம் நூற்றாண்டுப் போரில் செத்தவனுடைய பிள்ளை யாரும் இன்று தியேட்டரில் உட்கார்ந்திருக்கவில்லை.

போரையும் பகடியையும் கலப்பது தமிழுக்குப் புதிதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கலிங்கத்துப்பரணியைப் படித்தவர்கள் கேட்கமாட்டார்கள். முதற்குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை அழித்த கதை அது. (அந்தத் தொண்டைமானுக்கும் புதுக்கோட்டைத் தொண்டைமான்களுக்கும் உறவு காட்டும் வேலையை வம்சாவளி எழுதுகிறவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.) போர்க்களத்தில் பேய்கள் பிணங்களைக்கொண்டு கூழ் காய்ச்சுகின்றன. பந்தி நடக்கிறது. பார்ப்பனப் பேய், சமணப் பேய், குருட்டுப் பேய் என்று ஒவ்வொன்றின் குணமறிந்து பரிமாறுகிறார்கள். தோற்று ஓடும் கலிங்கவீரர்களைப் பற்றிய பகுதியோ இன்றைய திரைக்கதை போலவே இருக்கிறது. ஒருவன் வில்லின் நாணைக் கழற்றிப் பூணூலாகப் போட்டுக்கொண்டு கங்கையாடப் போகிற அந்தணன் ஆகிறான். ஒருவன் ரத்தத்தில் தோய்ந்த துணியைப் போர்த்திக்கொண்டு புத்தத் துறவி ஆகிறான். துணியும் தலைமயிரும் போனவன் சமணன் என்கிறான். இன்னும் சிலர் யானை மணியைக் கையில் எடுத்துக்கொண்டு, நாங்கள் பாட்டுப் பாடிப் பிழைக்கிற பாணர்கள் சாமி என்கிறார்கள்.

ஆள்மாறாட்டம். போர்ப் படங்களில் சிரிப்பை ஓட்டுகிற இயந்திரம் எப்போதும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சாப்ளினின் 'தி கிரேட் டிக்டேட்டர்' 1940: யூத நாவிதனைச் சர்வாதிகாரி என்று நினைத்துவிடுகிறார்கள். எர்ன்ஸ்ட் லூபிட்ச்சின் 'டு பி ஆர் நாட் டு பி' 1942: வார்சாவின் நாடக நடிகர்கள் நாஜி அதிகாரிகளாக வேஷம் கட்டித் தப்புகிறார்கள். ரொபெர்த்தோ பெனினியின் 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' 1997: வதைமுகாமையே ஒரு விளையாட்டு என்று மகனிடம் அப்பா நடிக்கிறார். அமைதிக் காலத்தில் ஆள்மாறாட்டம் என்றால் சொத்துக்கும் காதலுக்கும். நம் படங்கள் அதை எண்பது ஆண்டாகப் பிழிந்து எடுத்தாயிற்று. போரில் நீ யார் என்ற கேள்விக்குத் தவறான பதில் சொன்னால் உயிர் போகும். 1983 ஜூலையில் கொழும்புத் தெருக்களில் வண்டிகளை மறித்து, ஒரு சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி, தமிழனா என்று நாக்கைச் சோதித்தார்கள். பரணியின் கலிங்கனுக்கு வேஷம் எதற்குத் தேவைப்பட்டதோ அதற்கேதான் கொழும்பிலும். பரணியில் சிரிக்கிறவன் மட்டும் ஜெயித்தவன். திருமயத்துப் பாறையிலும் அப்படியே.

மதியம் அறந்தாங்கி பஸ் ராயவரம், அரிமளம் வழியாகப் போனது. ராயவரத்தில் நகரத்தார் வீடுகள் தெரு நீளத்துக்குக் கிடக்கின்றன. பாதி பூட்டியிருக்கின்றன. அந்தத் தூண்களின் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. 1941 டிசம்பர் 23இல் ரங்கூன்மீது ஜப்பான் குண்டு போட்டதும் தேக்கும் வட்டிக்கடையும் போய், மிச்சமிருந்த மனிதர்கள் அரக்கான் காடு வழியாக நடந்தே வந்தார்கள். அந்த நடையின் ஒரு துண்டு 'பராசக்தி'யில் இருக்கிறது. 1952 தீபாவளிக்கு வந்த அந்தப் படத்தை வசனத்துக்காகவே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கதையைத் திரும்பப் பாருங்கள். ரங்கூனிலிருந்து வரும் ஒரு தம்பி சென்னையில் எல்லாவற்றையும் பறிகொடுத்து, பிழைப்பதற்குப் பைத்தியமாக நடிக்கிறான். அண்ணன் ஒருவர் குண்டுவீச்சில் காலை இழந்து வந்து பிச்சைக்காரர்களுக்குத் தலைவர் ஆகிறார். யுத்த அகதி ஒருவன் பைத்தியவேஷம் போட்டுக்கொண்டு ஊரைச் சிரிக்கவைத்தே ஊரைத் திட்டுகிற படம். அந்தப் பாதையில் தமிழ் சினிமா மேலே நடந்திருக்கலாம். அடுத்த சில பத்தாண்டுகளில் சிரிப்புக்குத் தனி எழுத்தாளர், தனி கால்ஷீட், தனி ஆட்கள் என்று ஆகிவிட்டது. கதாநாயகன் வீட்டில் சாவு விழுந்திருக்கும்போது நகைச்சுவை நடிகர் பக்கத்துத் தெருவில் வேறு படத்தில் இருந்தார்.

மாடியில் அன்று ராத்திரி முதலில் சாப்ளின் துண்டு ஒன்றைப் போட்டான். பூகோள உருண்டையை பலூனாக்கி சர்வாதிகாரி ஆடும் காட்சி. எல்லோரும் சிரித்தார்கள். வதைமுகாம்களில் உண்மையில் நடந்த கொடூரம் அன்றைக்கே தெரிந்திருந்தால் இந்தப் படத்தை எடுத்திருக்கமாட்டேன் என்று சாப்ளினே பின்னால் சுயசரிதையில் எழுதியதை நான் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "அப்ப தெரியாம இருந்ததே நல்லதாப் போச்சு சார்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றும்.

அடுத்தது 'தெனாலி'. 2000 தீபாவளிக்கு வந்தது. கே. எஸ். ரவிக்குமார் இயக்கம், கிரேஸி மோகன் வசனம். எதைக் கண்டாலும் பயப்படுகிற ஈழத்து அகதியாகக் கமல்ஹாசன். இலங்கை வானொலியின் பி. எச். அப்துல் ஹமீதிடம் கேட்டுப் பழகிக்கொண்ட அந்தப் பேச்சுக்காகவே இன்றும் டிவியில் போட்டால் சேனல் மாற்ற மனம் வராது. கதையின் எலும்புக்கூடு 1991இன் அமெரிக்கப் படமான 'வாட் அபௌட் பாப்?'. அங்கே பயந்தாங்கொள்ளி நியூயார்க்காரன். பொறாமை முற்றிய மனநல மருத்துவர் அவன் உடம்பில் வெடிமருந்தைக் கட்டிவிடுகிறார். அவன் அதையும் சிகிச்சை என்று நம்புகிறான். தமிழில் அதே காட்சி, அதே சிரிப்பு. ஆனால் இங்கே குண்டு கட்டப்படுகிற உடம்பு ஈழத்தமிழனுடையது. ஆனையிறவு விழுந்த ஆண்டு அது. யோசித்துப் பார்த்தால் தமிழில் எடுக்கப்பட்ட ஆகக் கொடூரமான நகைச்சுவைக் காட்சி அதுவாகத்தான் இருக்கும். படத்துக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் மகத்தான படம். தெரியாததால் ஜாலியான படம். அந்த மாடியில் நானும் விழுந்து விழுந்துதான் சிரித்தேன்.

மூன்றாவது 'தீபன்'. ழாக் ஓடியார் இயக்கி 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கியது. முன்னாள் போராளி ஒருவன், முன்பின் தெரியாத ஒரு பெண், தாயில்லாத ஒரு சிறுமி. செத்துப்போன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டில் மூவரும் கணவன், மனைவி, மகள் ஆகிறார்கள். பிணங்களை எரித்துவிட்டுக் கடல் தாண்டுகிறார்கள். அதன்பின் திரை இருட்டு. இருட்டில் நீலமும் சிவப்புமாக ஏதோ மினுங்கி மினுங்கிக் கிட்டே வருகிறது. கிட்டே வந்ததும் பார்த்தால், தலையில் மினுங்கும் முயல்காது மாட்டிக்கொண்டு பாரிஸ் தெருவில் விளையாட்டுச் சாமான் விற்கிற தீபன். யாரும் சிரிக்கவில்லை, யாரோ மூக்கால் மட்டும் ஒரு சத்தம் விட்டார்கள். பிறகு ஓரிடத்தில் தீபன், பிரெஞ்சுக்காரர்கள் சொல்கிற பகிடியின் சொற்கள் புரிந்தும் சிரிப்பு வரவில்லையே என்கிறான். உனக்குத் தமிழிலேயே நகைச்சுவை கிடையாது என்கிற மாதிரி மனைவியாக வந்தவள் பதில் சொல்கிறாள். அங்கே மாடி முழுக்கச் சிரித்தது. தீபனாக நடித்தவர் ஷோபாசக்தி. புலிகள் இயக்கத்தில் சிறுவனாகச் சேர்ந்து வெளியேறியவர், 'கொரில்லா', 'ம்' நாவல்களை எழுதியவர். சித்திரவதை முகாமைப் பற்றி எழுதும்போதும் உதட்டோரம் ஒரு கோணல் சிரிப்பு வைத்திருக்கும் எழுத்து. பரணியில் வில்நாணைப் பூணூலாக்கிக்கொண்டு ஓடியவன் திரும்பிவந்து தானே தன் கதையைச் சொன்னால் இப்படித்தான் சொல்வான்.

மறுநாள் காலை அழியாநிலைக்குப் போனோம். புதுக்கோட்டை மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்கள் மூன்று: லேனாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை. 2021 ஆகஸ்டிலிருந்து அரசாங்கக் காகிதத்தில் அவை மறுவாழ்வு முகாம்கள். வெளியாள் உள்ளே போக அனுமதி வேண்டும். நாங்கள் வாங்கியிருக்கவில்லை, ரோட்டோரத்து டீக்கடையோடு நின்றுகொண்டோம். பெயிண்ட் வேலைக்குப் போகிற இளைஞர்கள் வாளியும் ரோலருமாக வண்டி ஏறிக்கொண்டிருந்தார்கள். நண்பனுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். 2006இல் மூதூர் கிழக்கில் ஷெல்லடி தொடங்கியபோது குடும்பத்தோடு கிளம்பி, மன்னார் வழியாகப் படகேறியவர். இந்த ஊரில் பெரிய ஆஞ்சநேயர் சிலை ஒன்று இருக்கிறது. நான் அதைப் பற்றி ஏதோ கேட்டேன்.

"ஓம் தம்பி. அந்தக் காலத்தில இலங்கைக்கு நெருப்பு வைச்சவர் இங்க நிக்கிறார். நெருப்புக்குத் தப்பி வந்த நாங்களும் இங்கதான். அவரை ஒருத்தரும் பதிவு கேக்கிறேல்ல" என்றார்.

'தெனாலி' பார்த்திருக்கிறீர்களா ஐயா என்று கேட்டேன். பார்க்காமல் இருப்பாரா? "நல்லாத்தான் கதைச்சிருக்கிறார் கமல். ஆனா அந்தாளுக்கு எல்லாத்துக்கும் பயம். எங்களுக்கு அப்பிடி இல்ல, ஒண்டு ரெண்டுக்குத்தான். பாம்புக்குப் பயமில்ல. காக்கி உடுப்புப் போட்ட ஆராவது சிரிச்சுக் கதைச்சா, அப்பத்தான் வயித்தைக் கலக்கும்."

பாம்புக்கு ஏன் பயமில்லை என்பதற்கு ஒரு கதை வந்தது. ஷெல் விழத் தொடங்கியதும் வீட்டுப் பின்னால் வெட்டிவைத்த பங்கருக்குள் குடும்பம் இறங்கியது. உள்ளே மூலையில் ஒரு நாகம். வெளியே போனால் ஷெல். எல்லோரும் அவருடைய தாயைப் பார்த்தார்கள். கிழவி கணக்குப் போட்டிருக்கிறார்: பாம்பு கொத்தினால் ஓராள்தான், ஷெல் விழுந்தால் முழுக் குடும்பமும், இருங்கோ. இருந்தார்கள். "பாம்பும் பேசாம இருந்தது. அதுக்கும் பயம்தானே. அம்மா அதைப் பாத்துச் சொல்லுறா, நீ அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம், அரசாங்கமும் பெடியளும் செய்யாத ஒப்பந்தத்தை நாங்க செய்வம் எண்டு." டீக்கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தோம். பெரியவரும் சிரித்தார். "பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டம். பாம்போட ஆர் இருக்கிறது எண்டு சொல்லிப்போட்டு மாமரத்துக்குக் கீழ நிண்டவர். பிறகு மாமரமும் இல்ல." இதையும் அதே முகத்தோடு, அதே குரலில் சொல்லி முடித்து, கிளாஸில் மிச்சமிருந்த டீயைக் குடித்தார்.

எந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தியிருக்கவேண்டும் என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. அவர் அந்தத் தொந்தரவை வைத்துக்கொள்ளவில்லை. பேரனைப் பற்றிப் பேசப் போய்விட்டார். கல்லூரி பஸ்ஸில் அவன் புதுக்கோட்டைப் பையனாகவே பேசுவானாம். முகாம் வாசலில் இறங்கியதும் நாக்கு மாறிவிடுமாம். சென்னையில் ஒரு குடும்பம் தன் ஈழப் பேச்சை ஒளித்துக்கொண்டு பிழைக்கிற கதையான 'டூரிஸ்ட் ஃபேமிலி' 2025 மே மாதம் வந்தபோது பேரன் போனில் காட்டியிருக்கிறான். "நல்ல படம். எல்லாரும் நல்லவையாயிருக்கினம்" என்றார். பாராட்டா குறையா என்று தெரியாத தொனி. என் கருத்து கேட்டால், அபிஷன் ஜீவிந்தின் அந்தப் படம் 'தெனாலி'யைவிட இவர்களை மரியாதையாக நடத்துகிறது. ஆனால் மாமரத்துப் பக்கம் போகவே மாட்டேன் என்கிறது.

அறந்தாங்கியிலிருந்து கிழக்கே போனால் கடல். பைக்கில் போகும்போது நண்பன் பிரசன்ன விதானகேயின் சிங்களப் படமான 'புரஹந்த களுவர'வைப் பற்றிக் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டு வந்தான். 1997இல் எடுத்தது. போரில் செத்த மகனின் உடல் என்று முத்திரையிட்ட சவப்பெட்டி கிராமத்துக்கு வருகிறது. கண் தெரியாத அப்பா மட்டும் நம்ப மறுக்கிறார், இழப்பீட்டுக் காகிதத்தில் கைநாட்டு வைக்க மறுக்கிறார். கடைசியில் குழியைத் தோண்டிப் பெட்டியைத் திறந்தால் வாழைத்தண்டும் கல்லும். சிங்களத்திலேயே ஒருவர் ஜெயிக்கிற பக்கத்து ராணுவத்தைப் பற்றி அப்படி எடுக்க முடிந்திருக்கிறது. 2000இல் திரையிட விடாமல் அரசாங்கம் நிறுத்தியது. உச்சநீதிமன்றம்வரை போய்த்தான் படம் வெளியே வந்தது. பெட்டியில் வாழைத்தண்டு என்பதைவிடக் குரூரமான பகிடி எனக்குத் தெரிந்து எந்தப் போர்ப் படத்திலும் இல்லை. எனக்கு அதில் பிடித்தது, கிழவனாக நடித்த ஜோ அபேவிக்ரம. நகைச்சுவை வேடங்களில் சிங்கள ரசிகர்கள் சிரித்துப் பழகிய முகம். அந்த முகத்தைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியது பாதி வேலையைச் செய்துவிடுகிறது. வடிவேலுவை அப்படி நிறுத்த நமக்கு 'மாமன்ன'னுக்காக 2023வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் போர்க்கதைக்காக அல்ல.

கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. பிடித்துக்கொண்டுபோன படகுகள், காங்கேசன்துறையில் மட்கிக் கிடக்கும் படகுகள் பற்றி மீனவர்கள் சலிப்பாகப் பேசினார்கள். இங்கேயும் கேலிக்குக் குறைவில்லை. யாழ்ப்பாணம் சிறைச் சாப்பாட்டையும் ஊர்க் கல்யாணச் சாப்பாட்டையும் ஒருவர் ஒப்பிட்டார், எது மேல் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றைப் பற்றி மட்டும் யாரும் கேலியாகப் பேசவில்லை. 2021 ஜனவரியில் இந்தத் துறையிலிருந்து போன படகு ஒன்று இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதி மூழ்கியது. நாலு பேரும் செத்தார்கள். பிடிக்கப்போனபோது தப்பியோடப் பார்த்து மோதியது என்றது கடற்படை. மோதியே மூழ்கடித்தார்கள் என்றது கரை. நால்வரில் ஒருவர் மண்டபம் முகாமைச் சேர்ந்த இலங்கைத் தமிழர். அந்தப் போருக்குத் தப்பி இக்கரையில் பதிவாகி, இக்கரைப் படகில் கூலிக்குப் போய், அந்தக் கடற்படையின் முன்னாலேயே செத்திருக்கிறார். இதைக் கதையாக எழுதிக்கொண்டுபோனால், தற்செயல் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது என்று எந்தத் தயாரிப்பாளரும் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

திரும்பும்போது மணமேல்குடி முக்கத்தில் பரோட்டா சாப்பிட்டபடி பாம்புக் கதையை எப்படி எடுப்பது என்று சண்டை போட்டோம். கேமரா பங்கருக்குள்ளேயே இருக்கவேண்டும், வெளியே எதையும் காட்டக்கூடாது, சத்தம் மட்டும் போதும் என்றான் அவன். மாமரத்தடியில் நின்ற மனிதனோடுதான் கேமரா நிற்கவேண்டும், உள்ளேயிருந்து வரும் சிரிப்பு அவனுக்குக் கேட்கவேண்டும் என்றேன் நான். "அப்ப அந்தக் கெழவி டயலாக் எப்படிடா கேக்கும்?" என்றான். கேட்காது. அதுதான் என் திட்டத்தில் இருந்த ஓட்டை. அந்த வசனத்தை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. இரண்டாவது பரோட்டா வந்தது. அவன், பாம்பின் பக்கத்திலிருந்து எடுத்தால் என்ன என்று ஆரம்பித்தான்.